இன்னும் நாற்பது பேர்

மார்ச் 9, திங்கள்

காற்றுக்கசிவு சோதனை இரண்டாம் முறையும் தேறவில்லை. வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்காற்றை வெளியே இழுத்து, கட்டடத்தில் எங்கெங்கே ஓட்டை என்று பார்க்கிற சோதனை. இரண்டாம் மாடிக் குளியலறைகளில் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் விசிலடிக்கிறது. கையை வைத்தால் வெளியிலிருந்து அனல் வருகிறது.

மேஸ்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "வீடு கட்டச் சொன்னா கட்டுவேன் மேடம். நீங்க பிரஷர் குக்கர் கட்டச் சொல்றீங்க," என்றார். அங்கே எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முப்பத்தைந்து முதியவர்கள் வந்து குடியேற வேண்டும். அறைக்கு அறை ஏசி கிடையாது. தடித்த சுவர், வெளிப்பக்கம் ஷட்டர் போட்ட ஜன்னல், இரவுக் குளிர்காற்றை உள்ளே விட்டு விடிந்ததும் அடைத்துக்கொள்ளும் கூரைத் திறப்புகள், கட்டடம் முழுமைக்கும் ஒரே ஒரு சின்னக் குளிர்யந்திரம். அதை ஓட்ட மொட்டைமாடியில் சோலார். காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. காகிதத்துக்கு வியர்க்காது.

மார்ச் 14, சனி

சாப்பாட்டு மேசையில் அத்தை சாவகாசமாகச் சொன்னார்: "அந்த முதியோர் குடியிருப்புல எனக்கும் ஒரு ரூம் சொல்லிட்டேன்."

இவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ஊரில் பாதி வீடுகளுக்கு ஏசி விற்று, மாட்டி, பழுது பார்க்கிறவர் இவர். இவருடைய அம்மா ஏசி இல்லாத கட்டடத்துக்குப் போகிறார். அதைக் கட்டுகிறவள் மனைவி. கடைப்பையன்கள் இவரை ஓட்டியே தீர்த்துவிடுவார்கள்.

"இங்க என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்லடா. பேச ஆள்தான் இல்ல. நீங்க ரெண்டு பேரும் காலையில போனா இருட்டுனப்புறம் வர்றீங்க. முப்பது வருஷம் பஸ் நிறைய ஆளுங்களோட இருந்தவ நான். சும்மா சுவத்தப் பாத்துட்டு உக்கார முடியல."

அத்தை பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் தெருவில் கண்டக்டரம்மா என்றால்தான் தெரியும்.

இவர் என்னைப் பார்த்தார். நானா அனுப்பினேன்? எனக்கே இப்போதுதான் தெரியும். "வேற இடம் பாக்கலாமே அத்தை," என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. முப்பத்தைந்து பேரை வைக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட இடத்தில் என் வீட்டு மனுஷியை வைக்க வேண்டாம் என்கிறேன்.

அத்தைக்கும் உறைத்திருக்கும். "ஏன், நீ கட்டுனது நிக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 27, வெள்ளி

மூன்றாவது சோதனை தேறிவிட்டது. மேஸ்திரி எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அத்தை குடியேறிவிட்டார். முதல் மாடி, கிழக்குப் பார்த்த அறை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். "சத்தமே கேக்கலையே. எதிர்ல அவ்வளோ பெரிய ரோடு," என்றார். சுவர் அவ்வளவு தடிப்பு என்றேன். "அப்ப நான் கத்துனா யாருக்கும் கேக்காது."

இவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி. "இங்க ஒரு ஓட்டை போட்டா போதும். சின்ன ஏசி. யாருக்கும் தெரியாது."

"காத்து கசியக்கூடாதுன்னு மூணு மாசம் உயிரக் குடுத்திருக்கேன். நீங்க ஓட்டை போடுறேன்றீங்க."

"ஒரு ஓட்டைதானே?"

"ஒருத்தர் போட்டா எல்லாரும் போடுவாங்க."

கிளம்பும்போதும் அதே சுவரை இன்னொரு தடவை தட்டிவிட்டுத்தான் வந்தார்.

ஏப்ரல் 29, புதன்

உள்ளே 26 டிகிரி, வெளியே 39. குடியிருப்பின் நிர்வாகி நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்: எல்லாரும் பகலில் நன்றாகத் தூங்குகிறார்களாம். நாற்பது வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். அவர் பாராட்டினால் அது பாராட்டு.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரவு வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது. இந்தக் கட்டடமே இரவை நம்பித்தான் இருக்கிறது. இரவு குளிர்ந்தால்தான் பகலில் வாங்கிய சூட்டை வெளியே தள்ள முடியும். குளிரவில்லையென்றால்?

வானிலைக் கணக்கு பழைய முப்பது வருஷத்தின் சராசரி. அதை வைத்துத்தான் வரைந்தேன். வேறு எதை வைத்து வரைவது?

மே 11, திங்கள்

நேற்று இரவு வெளியே 32க்குக் கீழ் இறங்கவே இல்லை. திறப்புகளைத் திறக்க வேண்டாம் என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன். திறந்தால் சூடுதான் உள்ளே வரும். இனிமேல் அந்தச் சின்ன யந்திரம் ஒன்றுதான் துணை. உள்ளே 28.

மே 14, வியாழன்

28.5.

இவருடைய கடையில் கூட்டம் அலைமோதுகிறது. ஏசி கேட்டு மக்கள் வரிசையில் நிற்கிறார்களாம். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாளைக்கு அம்மாவ கூட்டிட்டு வந்துடுறேன். எங்கம்மாவ வச்சு நீ பரிசோதனை பண்ண வேணாம்."

பரிசோதனையா? நான் பத்து வருஷமாகப் படித்துப் படித்து — இல்லை. அவர் சொன்னது சரிதான். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

மே 15, வெள்ளி

அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார். "பாதி ரூட்ல எறங்குற பழக்கம் எனக்கு இல்ல" என்றாராம்.

மே 19, செவ்வாய்

மின்சாரம் போய்விட்டது. ஊர் முழுக்க. ஒரே நேரத்தில் எல்லா ஏசியும் ஓடி, துணைமின் நிலையத்தில் பெரிய மின்மாற்றி எரிந்துவிட்டதாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் போன் சிக்னலும் போய்விட்டது.

நான் குடியிருப்புக்கு வந்துவிட்டேன். சோலார் ஓடுகிறது, பகலில் யந்திரத்துக்கும், இருட்டிய பிறகு பேட்டரியில் காற்று விசிறிக்கு மட்டும். கூடத்துச் சுவரில் தெர்மாமீட்டர் 29. அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறேன். நான் பார்க்காவிட்டால் ஏறிவிடும் என்பது போல.

மே 20, புதன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சாலைக்கு எதிரே பதினைந்து மாடிக் கோபுரம். நான்கு பக்கமும் கண்ணாடி. ஜன்னல் ஒரு சாண் அளவுதான் திறக்கும். நேற்று லிப்ட் நின்றது, பம்பு நின்றது, தண்ணீர் நின்றது. இன்று காலை அங்கிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து எங்கள் கதவைத் தட்டினாள். "உள்ள கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா?" குழந்தையின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நிர்வாகி உடனே உள்ளே விட்டார். அவளுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி. அவர்களுக்குப் பின்னால் தெருவைக் கடந்து வரிசையாக ஆட்கள்.

நிர்வாகி கதவைப் பாதி சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எத்தனை பேர விடலாம் மேடம்? எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ஒரு எண் சொல்லுங்க. நான் அதப் புடிச்சுக்குவேன்."

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுக்குச் சூட்டை வெளிவிடுகிறார். இது எனக்கு மனப்பாடம். இத்தனை நாளும் ஆட்களை அப்படித்தான் கணக்கில் எழுதினேன். ஆனால் எதிரே நின்று பல்புகள் என்னைப் பார்த்ததில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 31ஐத் தாண்டினால் எங்கள் முதியவர்களில் இதய நோயாளிகளுக்கு ஆபத்து. கதவு திறந்து மூடுவது, மூச்சின் ஈரம், மின்சாரம் வராமல் இன்னும் எத்தனை நாள். கூட்டலை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

"இன்னும் நாப்பது பேர்," என்றேன். "அதுக்கு மேல வேணாம்."

அவர் தலையாட்டிவிட்டு ஆட்களை எண்ணி உள்ளே விட்டார். அத்தையைப் பார்த்திருக்க வேண்டும். கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்தார். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க. சார், அந்தப் பையத் தூக்கி மடியில வைங்க. கைக்கொழந்தைக்காரி இங்க வாம்மா, இது லேடீஸ் சீட்டு." அந்தச் சூழலிலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

உச்சிவெயிலுக்குள் எண் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் வந்தார்கள். நிர்வாகி எல்லாரிடமும் இடமில்லை என்று ஒரே மாதிரிக் குரலில் சொன்னார். நான் கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியிருப்பார், கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. "எனக்கு இல்லங்க, எங்க வீட்டுக்காரருக்கு. பதினோராவது மாடி. இடம் இருக்குன்னு சொன்னீங்கன்னா எப்படியாவது எறக்கிக் கூட்டிட்டு வந்துருவேன்."

"எண்ணிக்கை முடிஞ்சிருச்சும்மா. சாயங்காலம் யாராவது கெளம்புனா சொல்றேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் விட்டிருப்போமோ? நான் ஏன் தூணைவிட்டு நகரவில்லை?

மே 21, வியாழன்

காலையில் கீழே வந்ததும் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போனேன். என் கணக்குப்படி 31 ஆகியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் 29.5 காட்டியது. கெட்டுவிட்டதா என்று தட்டிப் பார்த்தேன். அத்தை அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் அதேதான்.

எங்கே தப்பு? காகிதத்தை எடுத்துப் பார்த்தால் — தப்பே இல்லை. எல்லாவற்றையும் மோசமான பக்கமாகவே வைத்துப் போட்டிருக்கிறேன். கான்கிரீட் தளமெல்லாம் ஏற்கெனவே சூடேறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கூடத்துத் தரையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெறுங்காலோடு நின்றால் இப்போதும் குளிர்ச்சி தெரிகிறது. ஏன் விட்டேன்? பாதுகாப்புக்காக. உத்தரத்துக்கும் தூணுக்கும் கூடுதலாகப் போடுவோமே, அதே வழக்கம். கூடுதலாகப் போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் படித்தோம். நேற்று அந்தக் கூடுதல், கதவுக்கு வெளியே வெயிலில் நின்றது.

நிர்வாகியிடம் ஓடினேன். "கதவத் தொறந்துடுங்க."

"எத்தனை பேர்?"

"வர்றவங்க எல்லாரும். ஏறுச்சுன்னா நான் சொல்றேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நேற்று எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தானே. திட்டு வாங்கியதும் அவர்தான். பிறகு போய்க் கதவைத் திறந்தார்.

வந்தார்கள். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். கண்ணாடி போட்ட அந்த அம்மா வரவில்லை. வந்தவர்களிடம் கேட்டேன், பதினோராம் மாடியிலிருந்து யாரும் இல்லை.

அப்போது இவர் தண்ணீர் கேன்களோடு கடை வேனில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு, கூட வந்த மெக்கானிக்கையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மேலே ஏற ஏற ஒவ்வொரு மாடியும் அடுப்புக்குப் பக்கத்தில் போவது போல இருந்தது. எட்டாம் மாடியில் எனக்குக் கண் இருட்டியது. இவர் நிற்கவில்லை. பதினோராம் மாடியில் ஒரு கதவு திறந்து கிடந்தது. மேற்குப் பார்த்த அறை. அதில் கண்ணாடியே சுவர். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து துணியால் தன் கணவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி காய்ந்திருந்தது. கணவர் உடம்பிலும் வியர்வை இல்லை. கேட்டதற்கு ஏதோ சொன்னார், நாக்கு குழறியது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டி ஒன்றைக் கிழித்துக் கட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "தலையப் புடிங்க, தலையப் புடிங்க," என்று இவர் சொல்லிக்கொண்டே வந்தார். தலையைப் பிடித்தது நான். கை சுட்டது.

கூடத்தில் கிடத்தி, ஈரப் போர்வை சுற்றி, எல்லாரும் விசிறினோம். கொஞ்சம் கண் திறந்தார். பிறகு வேனில் ஆஸ்பத்திரிக்கு. அந்த அம்மா கூடத்தைவிட்டு வெளியேறும்போது தெர்மாமீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேத்து அந்தம்மா வந்தப்ப நீ கதவுகிட்ட போகல, இல்ல?"

"இல்ல அத்தை."

அத்தை தன் தம்ளரை என் கையில் கொடுத்தார். "குடி. மூஞ்சியப் பாக்க முடியல."

இத்தனை பேரோடு இப்போது 30.

மே 22, வெள்ளி

30.5. யாரும் மயங்கவில்லை. இதற்கு மேல் ஏறக்கூடாது. ஏறக்கூடாது.

மே 23, சனி

விடியற்காலையில் மின்சாரம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எதிர்க் கோபுரத்தில் ஏசிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமுவது திறந்த கதவு வழியாக இங்கே கேட்டது. போகிறவர்கள் நிர்வாகியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் கையையும் பிடித்தார்கள். இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முப்பத்தைந்து பேரும் நலம். அத்தை நேற்றே தூங்கப் போனவர்தான், இன்னும் எழவில்லை. இவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்கம்மா நல்லா குறட்டை விடுறாங்க," என்றார். எங்களுக்குள் இதுதான் சமாதானப் பேச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

மே 24, ஞாயிறு

தகவல் இல்லை. போன் செய்ய எடுத்து, வைத்து, எடுத்து. யாரென்று சொல்லிக் கேட்பது?

ஜூன் 3, புதன்

இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லாமலே. உயிருக்கு ஆபத்தில்லை. சிறுநீரகம் தேறி வருகிறது. ஆனால் பேச்சு இன்னும் குழறுகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறதாம். மூளை சூடானதால் வந்தது. முழுசாகச் சரியாகுமா என்று டாக்டர்களே சொல்லவில்லை.

முதல் நாளே கொண்டுவந்திருந்தால்?

இதை இவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். சமாதானத்துக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. நல்லதுதான்.

ஜூன் 14, ஞாயிறு

இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "எதிர்க் கட்டடச் சங்கத்துக்காரங்க கடைக்கு வந்தாங்க. பெரிய ஏசி ஆர்டர்னு நெனச்சு டீ எல்லாம் சொன்னேன். உன் நம்பர் கேட்டுட்டுப் போயிட்டாங்க."

சிரித்துவிட்டோம். நெடுநாள் கழித்து.

ராத்திரியே போன் செய்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஷட்டர், திறக்கிற ஜன்னல், மேற்குச் சுவருக்குச் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன். ஏசி ஓடுவதும் பாதியாகக் குறையும். ஓடாத நாளிலும் உள்ளே இருக்க முடிய வேண்டும். முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. வீடு வீடாக அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீடு வீடாக என்றால் பதினோராம் மாடியும்தான்.

ஜூலை 20, திங்கள்

மற்ற மாடிகளெல்லாம் அளந்தாகிவிட்டது. பதினொன்றுக்கு உதவியாளரை அனுப்பலாமா என்று யோசித்தேன். யோசித்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

இன்று போனேன். தனியாக.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். நான் யாரென்று சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும்," என்றார். "அன்னிக்கு எண் சொன்னது நீங்கதானாமே."

"ஆமாம்மா."

அவர் கதவிலிருந்து விலகி வழி விட்டார். "ஜன்னல் இந்தப் பக்கம்."

அதே அறை. அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு உட்பக்கமாகப் பழைய போர்வை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதையும் மீறி அறை தகித்தது. டேப்பை எடுத்தேன். அகலம் என் கைக்கு எட்டவில்லை. அந்த அம்மா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துப் பிடித்து, சரியா என்பது போலப் பார்த்தார். சரி என்றேன். உயரத்துக்கும் அவரே குனிந்து பிடித்தார்.

தரை, கூரை, எந்தப் பக்கம் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் கணவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடி வைக்கப் போகும்போது கையைத் தூக்கினார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. காத்திருந்தேன்.

"நாங்க... ரெண்டு பேரு," என்றார். "எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.